வெளி மானிட்டரை லேப்டாப் கண்டுகொள்ளாவிட்டால் எதை, எந்த வரிசையில் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

மானிட்டரை லேப்டாப்பில் சொருகுகிறீர்கள். 'நோ சிக்னல்' என்று ஒரு வரி வந்து, கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்துவிடுகிறது. லேப்டாப்போ எதுவும் நடக்காததுபோல் இருக்கிறது. இப்படி உதவி கேட்டு வருகிறவர்களிடம், "இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்பேன். டிரைவரை (ஒரு கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன் என்பார்கள். சிலர் விண்டோஸையே புதிதாகப் போட்டிருப்பார்கள். கடைசியில் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ கன்வெர்ட்டரிலோ இருக்கும்.

வரிசை மாறுவதால்தான் இவ்வளவு நேரம் வீணாகிறது. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்: மானிட்டர், கேபிள், போர்ட், அதன் பிறகுதான் விண்டோஸ். அதற்கான காரணத்தை முதலில் புரிந்துகொண்டால் மற்ற படிகள் எளிது.

லேப்டாப் தானாக மானிட்டரைத் தேடிப் போவதில்லை. மானிட்டர்தான் தன் இருப்பைச் சொல்ல வேண்டும். படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளில் 19 பின்கள் இருக்கின்றன. அவற்றில் 18-வது பின் வழியாக லேப்டாப் 5 வோல்ட் அனுப்புகிறது. மானிட்டர் 19-வது பின் வழியாக "நான் இங்கே இருக்கிறேன்" என்று பதில் சொல்கிறது. அதற்குப் பிறகு 15, 16-வது பின்கள் வழியாக மானிட்டரின் பெயர், அது காட்டக்கூடிய அளவுகள் எல்லாம் அடங்கிய ஒரு சிறு விவரச் சீட்டை லேப்டாப் படிக்கிறது. இதற்கு 'ஈடிஐடி' என்று பெயர். படம் போகும் பின்கள் எல்லாம் நன்றாக இருந்தாலும், இந்தச் சில பின்களில் ஒன்று தொடாமல் போனால் போதும், லேப்டாப்புக்கு அந்த மானிட்டர் இல்லவே இல்லை.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேறு இடத்தில் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். புதிதாக வாங்கியது என்பதற்காக ஒரு கேபிளை நல்ல கேபிள் என்று எண்ண வேண்டாம். படம் வந்ததைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

சோதிக்க ஒரு டிவி, ஒரு செட்-டாப் பாக்ஸ் அல்லது இன்னொரு லேப்டாப், ஒரு டார்ச், லேப்டாப்பின் சார்ஜர், ஒரு தாள், பேனா. லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து மாடல் எண்ணை அந்தத் தாளில் எழுதி வையுங்கள். பின்னால் இரண்டு இடங்களில் தேவைப்படும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். கேபிளையும் மாற்றி, போர்ட்டையும் மாற்றி, ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டால் படம் வந்துவிடலாம். எதனால் வந்தது என்பது தெரியாது. அடுத்த வாரம் மறுபடி போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள்.

## 1. மானிட்டர் என்ன சொல்கிறது என்று படியுங்கள்

மானிட்டரை ஆன் செய்து, எதையும் தொடாமல் ஒரு நிமிடம் பாருங்கள்.

பவர் விளக்கே எரியவில்லை என்றால் இது லேப்டாப் பிரச்சினை இல்லை. மானிட்டரின் பவர் கேபிளையும் சுவிட்ச் போர்டையும் பாருங்கள். சில மானிட்டர்களுக்குத் தனி அடாப்டர் உண்டு, அது மானிட்டரின் பின்பக்கம் பாதி கழன்றிருக்கும்.

'கேபிள் இணைக்கப்படவில்லை' என்ற பொருளில் செய்தி வந்தால் கேபிள் சரியாக உட்காரவில்லை, அல்லது மானிட்டர் வேறு போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 'நோ சிக்னல்' என்றால் லேப்டாப்பிலிருந்து படம் வரவில்லை.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' அல்லது 'இன்புட் நாட் சப்போர்டெட்' என்று வந்தால் கேபிள் வேலை செய்கிறது, படமும் வருகிறது, அந்த அளவை மானிட்டரால் காட்ட முடியவில்லை என்று பொருள். நீங்கள் நேரே 9-வது படிக்குப் போகலாம்.

## 2. மானிட்டரின் இன்புட்டைக் கையால் தேர்ந்தெடுங்கள்

மானிட்டரின் ஓரத்திலோ அடியிலோ உள்ள பட்டனை அழுத்தி, 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்ற இடத்துக்குப் போங்கள். கேபிள் எந்த போர்ட்டில் இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். 'ஆட்டோ'வில் விடாதீர்கள். சில மானிட்டர்கள் ஆட்டோவில் எல்லா போர்ட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். லேப்டாப் படம் அனுப்பும் நேரத்தில் அது விழித்திருக்காது.

எச்டிஎம்ஐ போர்ட் இரண்டு இருந்தால் மானிட்டரின் பின்னால் 1, 2 என்று எழுதியிருக்கும். குனிந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். நினைவிலிருந்து சொல்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

## 3. கேபிளையும் போர்ட்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்

முதலில் ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் சுர்ரென்று ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா? சார்ஜரோ மானிட்டரோ எர்த் இல்லாமல் இயங்குகிறது என்று அர்த்தம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டியிருப்பார்கள், அல்லது அந்தப் பழைய சுவிட்ச் போர்டில் எர்த் ஒயரே இருக்காது. கசியும் மின்சாரம் மிகச் சிறியதுதான். ஆனாலும் இரு கருவிகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கும்போது எச்டிஎம்ஐயைச் சொருகினால் போர்ட்டுக்குப் பின்னால் உள்ள சிப் போய்விடக்கூடும். மானிட்டர் சுவிட்சை அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிட்டுக் கேபிளைச் சொருகுங்கள். அப்புறம் ஆன் செய்யுங்கள். கேபிளை நாள்தோறும் கழற்றி மாட்டுகிறவர்கள் இதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது சோதனை. செட்-டாப் பாக்ஸை அதே கேபிளால் அதே மானிட்டரில் இணையுங்கள். படம் வந்தால் கேபிளும் மானிட்டரும் நல்லவை, பிரச்சினை லேப்டாப் பக்கம். வராவிட்டால் நல்ல கேபிளை மாற்றி மீண்டும் பாருங்கள். அப்போது வந்தால் பழைய கேபிள்தான் காரணம். அதை மறுபடி மேசை இழுப்பறையில் போடாதீர்கள், தூக்கி எறியுங்கள். நான்கு மாதம் கழித்து வேறு யாராவது அதை எடுத்து இதே பாடு படுவார்கள்.

அடுத்து லேப்டாப்பை நல்ல கேபிளால் டிவியில் இணையுங்கள். டிவியில் படம் வந்தால் லேப்டாப்பின் போர்ட் நன்றாக இருக்கிறது. இந்த இரண்டு சோதனைக்கும் பத்து நிமிடம் ஆகாது. பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

கேபிள் முழுதாக உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். லேப்டாப்புக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் அது கேபிளின் தலையை ஒரு மில்லிமீட்டர் தள்ளியே நிறுத்தும். உறையைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள். போர்ட்டுக்குள் டார்ச் அடித்தால் நடுவில் ஒரு நாக்கு தெரியும். அது உடைந்தோ ஒரு பக்கம் சாய்ந்தோ இருந்தால் கடைக்குத்தான் போக வேண்டும். தூசி இருந்தால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசியோ பின்னோ வைத்துக் குத்த வேண்டாம்.

நீளமான கேபிளாக இருந்தால் தனிக் கவனம் தேவை. மண்டபங்களிலும் வகுப்பறைகளிலும் புரொஜெக்டருக்கு 10, 15 மீட்டர் கேபிள் இழுத்திருப்பார்கள். அந்தத் தூரத்தில் சாதாரணக் கேபிளில் சிக்னல் தேய்ந்துவிடும். சிப் வைத்த நீளக் கேபிள்களுக்கோ திசை உண்டு: ஒரு முனையில் 'சோர்ஸ்' என்றும் மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்றும் எழுதியிருக்கும். தலைகீழாகப் போட்டால் எதுவும் வராது. ஒன்றரை மீட்டர் கேபிளால் புரொஜெக்டரின் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

## 4. கன்வெர்ட்டர், டைப்-சி: அதிகம் பேர் ஏமாறும் இடம்

சொருக முடிகிறது என்பதாலேயே படம் போகும் என்று நினைக்கக் கூடாது.

கன்வெர்ட்டர்களுக்குத் திசை உண்டு. லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து பழைய விஜிஏ மானிட்டருக்கு ஒரு வகை, விஜிஏ லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்கு வேறு வகை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. எச்டிஎம்ஐ போலவே படம் கொண்டுபோகும் இன்னொரு வகையான டிஸ்ப்ளேபோர்ட் கேபிளிலும் இதே கதைதான். ஒரு முனை டிஸ்ப்ளேபோர்ட், மறுமுனை எச்டிஎம்ஐ என்று கடையில் கிடைக்கும் சாதாரணக் கேபிள், டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கணினியிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்கு மட்டுமே. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் அது உதவாது. அதற்கென்று சிப் வைத்த தனிக் கன்வெர்ட்டர் வேண்டும், பெரும்பாலும் யுஎஸ்பி வழியாக மின்சாரமும் கொடுக்க வேண்டும்.

டைப்-சியில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. முதலாவது, லேப்டாப்பின் அந்த போர்ட் படம் அனுப்புமா? எல்லா டைப்-சி போர்ட்டும் அனுப்பாது. சார்ஜ் செய்யவும் பென் டிரைவ் போடவும் மட்டுமே ஆன போர்ட்டுகள் ஏராளம். போர்ட்டின் பக்கத்தில் 'தண்டர்போல்ட்' என்பதன் மின்னல் குறியோ, 'டி' எழுத்துக்குள் 'பி' இருப்பதுபோன்ற டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் படம் போகும். குறி இல்லாவிட்டால் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த போர்ட்டின் விவரத்தைப் பாருங்கள். 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்று இருக்க வேண்டும்.

இரண்டாவது, கேபிள் படம் கொண்டுபோகுமா? போனுடன் வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் சார்ஜுக்கானது. படம் போவதற்கான ஒயர்களே அதற்குள் இருக்காது. எங்கள் தெருவில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெண், புது மானிட்டர் வாங்கி இரண்டு நாள் போராடினாள். விண்டோஸைப் புதிதாகப் போட்டாள், மானிட்டரைத் திருப்பி அனுப்பவும் விண்ணப்பித்துவிட்டாள். "அண்ணா, லேப்டாப் சார்ஜ் ஆகுது, ஆனா படம் மட்டும் வரல" என்று அவள் சொன்னவுடன் கேபிளைக் கேட்டேன். போன் கேபிள்தான். மானிட்டர் பெட்டியின் தெர்மாகோலுக்குள் சரியான கேபிள் பிரிக்காமல் இருந்தது. பெட்டியை முழுதாகக் காலி செய்து பார்க்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அந்த நாள்தான் காரணம்.

டாக், ஹப் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்கும் பெட்டி) பயன்படுத்துகிறவர்கள் முதலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். சாதாரண யுஎஸ்பி போர்ட்டிலிருந்து படம் தரும் டாக்குகள் பெரும்பாலும் 'டிஸ்ப்ளேலிங்க்' வகை. அவற்றுக்கு உரிய டிரைவரைப் போடாமல் படம் வராது.

இரண்டு லேப்டாப்புகளை எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்து ஒன்றை மானிட்டராக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. லேப்டாப்பில் உள்ள எச்டிஎம்ஐ, படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டுமே. வாங்காது.

## 5. இரண்டுக்கும் மின்சாரத்தை முழுதாக நிறுத்துங்கள்

மானிட்டரின் பட்டனை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கி இரண்டு நிமிடம் விடுங்கள். உள்ளே இருக்கும் சிப் சில நேரம் குழம்பிய நிலையில் மாட்டிக்கொள்ளும். பட்டனை அணைத்தாலும் அதற்கு மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால் அந்த நிலை கலையாது.

லேப்டாப்பை 'ஷட் டவுன்' செய்யுங்கள். சார்ஜரையும் மற்ற எல்லாக் கேபிள்களையும் கழற்றி, பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு சார்ஜரை மாட்டி, மானிட்டரை இணைத்து, முதலில் மானிட்டரையும் அடுத்து லேப்டாப்பையும் ஆன் செய்யுங்கள். லேப்டாப் விழிக்கும்போது மானிட்டர் ஏற்கெனவே விழித்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்த வரிசை.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் டிரைவர்களின் நிலையைச் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். குழப்பமும் கூடவே திரும்பி வரும். 'ரீஸ்டார்ட்' அப்படி இல்லை, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஆகவே லேப்டாப் மேலே வந்ததும் ஒருமுறை ரீஸ்டார்ட்டும் கொடுங்கள்.

## 6. விண்டோஸ் வருவதற்கு முன் படம் வருகிறதா?

இதுவரை செய்ததில் படம் வரவில்லை என்றால், பிரச்சினை கருவியிலா மென்பொருளிலா என்று இங்கே பிரிக்கலாம்.

மானிட்டரை இணைத்தபடி லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, பயாஸ் திரைக்கு (விண்டோஸுக்கு முன் வரும் லேப்டாப்பின் சொந்த அமைப்புத் திரை) போங்கள். லேப்டாப் தொடங்கும்போது அழுத்த வேண்டிய கீ, பல லேப்டாப்புகளில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. தயாரிப்பாளரின் லோகோவோ பயாஸ் திரையோ வெளி மானிட்டரில் தெரிந்துவிட்டால் கேபிள், போர்ட், சிப் எல்லாம் நன்றாக இருக்கின்றன. மிச்சம் இருப்பது விண்டோஸ் மட்டுமே.

தெரியாவிட்டால் உடனே போர்ட் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பயாஸ் திரையை உள் திரையில் மட்டுமே காட்டும் லேப்டாப்புகளும் உண்டு. ஒரு பென் டிரைவில் உபுண்டுவை (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) போட்டு, நிறுவாமல் 'டிரை' முறையில் திறந்து பாருங்கள். அங்கே மானிட்டர் எரிந்தால் குற்றம் விண்டோஸ் பக்கம்.

## 7. விண்டோஸிடம் கேளுங்கள்

விண்டோஸ் கீயை அழுத்தியபடி 'பி' (P) எழுத்தைத் தட்டுங்கள். நான்கு தேர்வுகள் வரும். 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' தேர்வில் இருந்தால் மானிட்டருக்குப் படம் போகாது. 'டூப்ளிகேட்' அல்லது 'எக்ஸ்டெண்ட்' வையுங்கள். முதல் சோதனைக்கு டூப்ளிகேட் நல்லது, ஏனென்றால் எக்ஸ்டெண்டில் வெறும் வால்பேப்பர் மட்டும் தெரிவதைப் பார்த்துப் பலர் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' கொடுத்து லேப்டாப் திரை கருத்துப்போனால் பயப்பட வேண்டாம். கேபிளைப் பிடுங்கினால் படம் லேப்டாப்புக்குத் திரும்பிவிடும்.

அடுத்து விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு அந்த 'பி' அல்ல, ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்தான மற்ற 'பி'யை (B) அழுத்துங்கள். திரை ஒரு நொடி சிமிட்டும். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்குகிறது. திறந்திருக்கும் கோப்புகள் போகாது.

பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போய் 'டிடெக்ட்' பட்டனைத் தட்டுங்கள். அதன் அருகிலேயே வயர்லெஸ் டிஸ்ப்ளேவுக்கு ஒரு 'கனெக்ட்' பட்டன் இருக்கும். கேபிள் போட்டிருப்பவர்களுக்கு அது வேண்டாம். அதைத் தட்டிவிட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று காத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒலி அமைப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எச்டிஎம்ஐயில் ஒலி வெளியீட்டுப் பட்டியலில் மானிட்டரின் பெயர் வந்திருந்தால் லேப்டாப் அந்த ஈடிஐடி சீட்டைப் படித்துவிட்டது என்று பொருள். மிச்சம் படத்தின் அமைப்பு மட்டுமே.

## 8. இப்போதுதான் டிரைவர்

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியை விரியுங்கள்.

அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. உண்மையான டிரைவர் இல்லாமல் விண்டோஸ் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது. அந்தத் தற்காலிக டிரைவரால் ஒரு திரையை மட்டுமே சமாளிக்க முடியும். மாடல் எண்ணை எடுத்துக்கொண்டு லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். டிரைவர் அப்டேட் செய்து தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம்.

நேற்றுவரை வேலை செய்து, அப்டேட்டுக்குப் பிறகு நின்றது என்றால் அடாப்டரின் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'டிரைவர்' தாவலில் 'ரோல் பேக்' கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கியிருந்தால் பழைய டிரைவர் கணினியில் இல்லை. அப்போது தயாரிப்பாளரின் தளத்தில் முந்தைய பதிப்பைத் தேட வேண்டும்.

இன்டெல், என்விடியா என்று இரண்டு அடாப்டர் இருந்தால் இரண்டையும் பாருங்கள். சில கேமிங் லேப்டாப்புகளில் எச்டிஎம்ஐ போர்ட் நேராக என்விடியா சிப்பில்தான் இணைந்திருக்கும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று 'இகோ' முறையில் வைத்து அந்தச் சிப்பை அணைத்துவிட்டால் போர்ட்டும் சேர்ந்து செத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் அதன்மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் 'எனேபிள்' செய்யுங்கள்.

## 9. கண்டுகொண்டது, ஆனால் படம் இல்லை

டிஸ்ப்ளே அமைப்பில் 2 என்ற கட்டம் வந்துவிட்டது, மானிட்டர் கருப்பாகவோ விட்டு விட்டோ இருக்கிறது என்றால் பெரும்பாலும் கேபிள் தாங்காத வேகத்தில் படம் போகிறது. 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'யில் புதுப்பிப்பு வேகத்தை 60 ஹெர்ட்ஸாகவும், படத்தின் அளவை 1920 × 1080 ஆகவும் இறக்குங்கள். படம் நிலைத்து நின்றால் கேபிளோ இடையிலுள்ள கன்வெர்ட்டரோதான் தடை.

4கே மானிட்டருக்கு இது முக்கியம். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில்தான் தரும். 60 ஹெர்ட்ஸுக்கு லேப்டாப், கன்வெர்ட்டர், மானிட்டர் எல்லாமே எச்டிஎம்ஐ 2.0 ஆவது இருக்க வேண்டும். கேபிளில் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்று இருப்பதை வாங்குங்கள்.

## 10. மேக் வைத்திருப்பவர்களுக்கு

முதல் ஐந்து படிகள் பொதுவானவை, பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும் வேலை மட்டும் இங்கே வேண்டாம். சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் திறந்து 'ஆப்ஷன்' கீயை அழுத்திப் பிடித்தால் 'டிடெக்ட் டிஸ்ப்ளேஸ்' பட்டன் தோன்றும். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளி மானிட்டரை மட்டும் ஏற்கும். இரண்டாவது வராததைக் கோளாறு என்று எண்ணிக் கேபிள் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

## 11. கடைக்குக் கொண்டுபோகும்போது

நல்ல கேபிள், வேலை செய்யும் டிவி, பென் டிரைவ் உபுண்டு எல்லாவற்றிலும் படம் வரவில்லை என்றால் போர்ட்டின் சால்டர் (ஈயப் பற்று) விட்டிருக்கலாம், அல்லது அதன் பின்னால் உள்ள சிப் போயிருக்கலாம். கேபிளை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் ஒரு நொடி படம் வந்து போகிறதா? அப்படியானால் சால்டர்தான் முதல் சந்தேகம். அதை மறுபடி வைப்பது மதர்போர்டை மாற்றுவதைவிட மிகச் சிறிய வேலை. கடைக்காரர் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால், அசைக்கும்போது படம் வந்ததை அவர் முன்னாலேயே செய்து காட்டி, போர்ட்டை மட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எதை எதோடு இணைத்தீர்கள், எதில் வந்தது, எதில் வரவில்லை என்று எழுதிய தாளையும் கொடுத்துவிடுங்கள். அவர் முதலில் செய்யப்போகும் சோதனைகளும் இவைதான். லேப்டாப் திரும்பி வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள், அதில் படம் அனுப்பும் டைப்-சி போர்ட் இருந்தால், ஒரு டைப்-சி எச்டிஎம்ஐ கன்வெர்ட்டரை வாங்கி அதன் வழியாகவே வேலையைத் தொடரலாம்.